ஆடிக்கு மட்டும் விழிக்கும் சர்வர்கள்

பிள்ளைகளே, நேற்று ராத்திரி சாப்பிடும்போது, பள்ளிக்கூடத்தில் பிராஜெக்ட்டை ஏன் ஒப்படைக்கவில்லை என்று உங்களில் பெரியவளைக் கேட்டேன். "பிரிண்டர்தான்பா மக்கர் பண்ணிச்சு" என்றாள். நான் கத்தினேன். கத்த எனக்குத் தகுதி இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் டிப்ளமோ வரைக்கும்தான் படித்தவன். தி.நகரில் எங்கள் ஆபீஸ். பெரிய கடைகளின் கணக்கை ஓட்டும் சர்வர் கம்ப்யூட்டர்களை கிளவுடில், அதாவது இன்டர்நெட் வழியாக, வாடகைக்கு எடுத்துப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. ஒரு ஜவுளிக்கடையின் பில்லிங்கும் எங்களிடம்தான். ஆடித் தள்ளுபடி சமயத்தில் மட்டும் அதற்கு ஆறு சர்வர் கூடுதலாக வேண்டும். ஆடி முடிந்ததும் அணைத்துவிடுவோம். மீதி மாதமெல்லாம் அவை தூங்கும்.

சும்மா கிடக்கும் சர்வர்களைக் கண்டுபிடித்து அழிக்கும் ஏஐ டூல் ஒன்று வந்தது. கேட்டு வாங்கியவள் என் பக்கத்து சீட்டில் இருந்த ஆதம்பாக்கத்துப் பெண். ஆனால் அவளேதான் சொன்னாள்: "அண்ணா, ரெண்டு மாசம் லிஸ்ட் மட்டும் குடுக்கட்டும். அழிக்கிற பர்மிஷன் இப்ப வேணாம்."

"இன்னாமா, தோசை சுடுறதுக்கு முன்னாடி டெஸ்ட் தோசை ஊத்துவியா நீ?" என்று கேலி செய்தேன்.

"ஊத்துவேனே. உங்க வூட்ல மொத தோசை ஒட்டாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து டூலுக்கு அழிக்கும் அனுமதியைக் கொடுத்தேன். அழிக்கலாமா என்று கேட்டு நாற்பது சர்வர் பெயர்கள் வந்தன. நாலைந்து படித்தேன். எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்தினேன். குழுவுக்கே ஒரே லாகின். யார் கை என்று பதிவாகவில்லை.

தள்ளுபடி தொடங்கிய காலை அந்த ஆறையும் எழுப்பப் போனோம். ஒன்றுகூட இல்லை. கடை மேனேஜர் போனில் அலறினார்: "என்ன சார், சனம் வாசல் வரைக்கும் நிக்கு, பில்லு ஒண்ணும் வரமாட்டேங்கு!"

எங்கள் மேலதிகாரி மேஜைக்கே வந்துவிட்டார். "யாருப்பா அந்த டூலக் கொண்டாந்தது?"

எல்லோர் பார்வையும் அவள் மேல் போனது.

"டூல்தான் சார் அழிச்சுடுச்சு" என்றேன் நான்.

பத்துப் பேர் முன்னால் அவளைக் கிழித்தார். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, தான் எழுதி வைத்திருந்த குறிப்பைப் பார்த்து ஆறையும் புதிதாக அமைத்தாள். மூன்று மணிக்கு பில் ஓடியது. அப்படியும் மறுநாள் அவளை வேறு குழுவுக்கு மாற்றிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் மேலதிகாரியின் அறைக்குள் தனியாகப் போய் உண்மையைச் சொன்னேன். "சரி விடுப்பா, ஆனது ஆச்சு" என்றார். அவளை மட்டும் திரும்பக் கூப்பிடவில்லை. கேன்டீனில் அவளிடமும் சொன்னேன்.

"தெரியும்ணா" என்றாள். "அவரு திட்டுனது எல்லார் முன்னாடியும். நீங்க சொன்னது கதவச் சாத்திக்கினு."



இப்போது அந்த டூல் லிஸ்ட் மட்டும்தான் தருகிறது. நான் வரிவரியாகப் படித்த பிறகே எதுவும் அழியும். அவள் சொன்ன முறைதான். புதிதாக வந்தவர்கள் அதை என் யோசனை என்று நினைக்கிறார்கள். நேற்று சாயங்காலமும் ஒருவர் பாராட்டினார். நான் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்துதான் அந்தப் பிரிண்டருக்காகக் கத்தினேன்.