அண்ணன் பேரில் நான்கு மாதம்

எனக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். மலைமேல் புதூர்நாட்டில் எங்கள் பக்கம் பிறந்த நாளை யாரும் எழுதி வைப்பதில்லை.

எங்கள் கொல்லை ஓரத்தில் சந்தனக்கட்டை அகப்பட்டது. வெட்டியது அண்ணன்தான். காட்டு அதிகாரிகள் அவன் பேரை எழுதிக்கொண்டு, மறுநாள் ஆளை ஒப்படைக்கச் சொல்லிப் போனார்கள். அவன் முகத்தை அவர்கள் பார்த்ததில்லை. அண்ணிக்கு அது எட்டாம் மாதம். முந்தின பிள்ளை தங்கவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். நான் அண்ணன் உயரம் இருந்தேன்.

"வயசு கேட்டா இருவத்திரெண்டுன்னு சொல்லு. பேரு அண்ணன் பேரு. மாத்திச் சொல்லிட்டா அவனை இழுத்துக்கினு போய்டுவாங்க" என்றார்.

சரி என்றேன். ஜீப்பில் ஏறியது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாகத்தான் போனேன்.

கோர்ட்டில் பேரை அவர்களே படித்தார்கள். தலையாட்டினேன். நான்கு மாதம் போட்டார்கள். ஜெயில் வாசலில் வார்டர் வாயால் பேரைச் சொல்லச் சொன்னார். எங்கள் வீட்டில் மூத்தவன் பேரை இளையவன் சொல்லக்கூடாது. சொன்னால் மூத்தவன் ஆயுசு குறையும் என்பார்கள். நாக்கு புரளவில்லை. அறைந்தார். மூன்றாவது அறைக்குச் சொல்லிவிட்டேன். அண்ணனுக்கு என்ன ஆகுமோ என்று அன்று சாப்பாடு இறங்கவில்லை.

உள்ளே எல்லாரும் பெரிய ஆட்கள். காலையில் பேர் கூப்பிட்டால் எனக்கு எழுந்திருக்கத் தோன்றாது. கொள்ளைக் கேஸ்காரன் ஒருவன் அதைக் கவனித்துவிட்டான். வார்டரிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டி, கால் பிடிக்க வைத்தான், துணி துவைக்க வைத்தான். நானும் செய்தேன்.

இரண்டாம் வாரம் வாணியம்பாடிப் பாய் ஒருவர் அடிதடிக் கேஸில் வந்தார். எங்கள் மலைக்குப் புளி வாங்க வருகிறவர். அண்ணனை நன்றாகத் தெரியும். காலையில் அண்ணன் பேரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். பாய் திரும்பிப் பார்த்தார்.

கொள்ளைக் கேஸ்காரன் எல்லார் எதிரிலும் பாயைக் கேட்டான், இவன் யார் தெரியுமா என்று.

பாய் பீடியைப் பற்றவைத்தார். "தெரியாம இன்னா? இவன் கல்யாணத்துல பந்தியில குந்தினவன் நான். புளியில கொட்டைய வுட்டு எடை ஏத்துற பய."

எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகு என்னை யாரும் மிரட்டவில்லை. சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியருகே பாய் மெல்லச் சொன்னார்: "உங்க அண்ணன் உன்னவிட அழகுடா."

அங்கே கேழ்வரகுக் களி போடுவார்கள். மற்றவர்கள் திட்டிக்கொண்டே தின்பார்கள். எனக்கு அது வீட்டுச் சாப்பாடு. ஒருநாள் களி வேகவில்லை என்று சொல்லிவிட்டேன். வார்டர் காதில் விழுந்தது. அப்படியானால் நீயே வேகவை என்று சமையல்கட்டுக்கு அனுப்பினார். பெரிய அண்டா, ஆள் உயரத் துடுப்பு. கட்டி தட்டாமல் கிளறினேன். தோள் பெருத்தது. கொள்ளைக் கேஸ்காரன் தட்டை நீட்டி, "தம்பி, அடிப்பிடிச்சது கொஞ்சம் வையி" என்பான். எல்லாரும் என்னை 'மலை' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அது அண்ணன் பேரும் இல்லை, என் பேரும் இல்லை. கூப்பிட்டால் உடனே திரும்பினேன்.

விட்டதும் அண்ணன் அடிவாரத்தில் காத்திருந்தான். பெண் குழந்தை பிறந்திருந்தது, நன்றாக இருந்தது. வீட்டில் கோழி அடித்தார்கள். ரொம்ப நாள் வரைக்கும் என் பங்கு வேலையையும் அண்ணன் மேல் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு பங்கையும் அவனே செய்தான்.

மூன்று வருடம் கழித்துக் காட்டுக் காவலுக்கு மலை ஆட்களையே எடுத்தார்கள். நானும் அண்ணனும் போய் நின்றோம். எந்த மரம் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத்தான் தெரியும். அதிகாரி பழைய கேஸ் நோட்டு ஒன்றைப் புரட்டிப் பார்த்தார். அதில் அண்ணன் பேர் இருந்தது. என் பேர் இல்லை. அண்ணனை ஓரமாக நிற்கச் சொன்னார். என்னை எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கே காக்கிச் சட்டையைப் போட்டு அண்ணனிடம் காட்டினேன். அவன் காலரை இழுத்துச் சரி செய்துவிட்டு, நல்லாகீது என்றான். அவனைவிட நான் கெட்டிக்காரன் என்றுதான் அன்று நினைத்தேன்.