சாந்தாமணி வைத்த வைரஸ்

வைகாசியில் ஒரு வாரம் இந்தப் பக்கத்தில் என் பத்தி வரவில்லை. கவனித்தீர்களா? இரண்டு பேர் கவனித்து போன் செய்தார்கள். ஒருவர், உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தார். இன்னொருவர், அந்த வாரம் பத்திரிகை நன்றாக இருந்ததாகச் சொன்னார்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. என் கம்ப்யூட்டருக்குத்தான். காரணத்தை அப்போதே எழுதியிருக்கலாம்... ஆனால் கதை அப்போது முடியவில்லை. முந்தாநாள்தான் முடிந்தது.

பத்தி அனுப்ப வேண்டிய நாள் அது. காலையில் குளித்து, காபி குடித்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வழக்கம்போலத் தமிழில் அடிக்கிறேன் — திரையில் இங்கிலீஷ் எழுத்து விழுகிறது. மறுபடி அடிக்கிறேன். மறுபடியும் இங்கிலீஷ்தான். அப்போது மூலையிலிருந்து ஒரு சிவப்புப் பெட்டி எட்டிப் பார்த்தது. ஆபத்தான ஒரு புரோகிராமைப் பிடித்து அழித்துவிட்டதாம். நான் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் அது கவனித்துக்கொண்டே இருந்ததாம்!

கவனிக்காமல்? அது என் தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர், ஐயா! நான் எந்தக் கீயைத் தட்டுகிறேன் என்று கவனித்தால்தானே அதற்கு ஒரு 'அ' போட முடியும்? இத்தனை வருஷம் என்னோடு உட்கார்ந்து பத்தி எழுதிய பாவத்தை, நேற்று வந்த ஆன்ட்டிவைரஸ் உளவாளி என்று பிடித்துத் தீர்த்துக்கட்டிவிட்டது. போதாததற்கு ஒரு பச்சை டிக் அடித்து, 'இப்போது நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்' என்றது. அதென்னவோ வாஸ்தவம். ஒரு வரி எழுத முடியாத எழுத்தாளனுக்கு என்ன ஆபத்து வந்துவிடப்போகிறது?

இந்த ஆன்ட்டிவைரஸ் என் வீட்டுக்குள் எப்படி வந்தது? மச்சான் கொண்டுவந்தார்.

மச்சான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். மலையாளத்துப் பக்கம் எல்லையோரம் இருக்கும் எங்கள் எருத்தேன்பதியில் பெரிய தோப்புக்காரர். மழையிலிருந்து மந்திரிசபை வரைக்கும் எல்லாவற்றிலும் ஒரு கருத்து வைத்திருப்பார். அதைக் கேட்காமலே சொல்லியும் விடுவார். கோயமுத்தூரில் தெரிந்த பையன் ஒருவன் கொடுத்தான் என்று ஒரு சிடி வைத்திருந்தார். கடையில் வாங்கினால் வருஷா வருஷம் தண்டம் அழ வேண்டும், இது ஓசி என்று சொல்லி, அவர் கையாலேயே என் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டுப் போனார்.

நானும் போடவிட்டேன். ஏனென்றால் அப்போது ஊரெல்லாம் வைரஸ் காய்ச்சல். பென்டிரைவைச் சொருகித் திறந்தால், ஃபோல்டர் ஒவ்வொன்றின் மேலும் ஒரு குட்டி அம்பு முளைத்து, எல்லாம் ஷார்ட்கட்டாகி நிற்கும். உள்ளே வைத்திருந்த காதுகுத்து வீடியோவும் இருக்காது, காலேஜ் பையனின் ப்ராஜெக்ட்டும் இருக்காது. இதை எடுத்துச் சரிசெய்யத் தெரிந்தவர் ஊரில் ஒரே ஆள்தான். சாந்தாமணி.

சாந்தாமணி பஸ் ஸ்டாப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். பொள்ளாச்சியிலிருந்து எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தவர். வரும்போதே டி.டி.பி. படித்துவிட்டு வந்தார். வில்லேஜ் ஆபீசுக்கு அபேட்சை என்கிற மனு மலையாளத்தில், கல்யாணப் பத்திரிகை தமிழில், ஜெராக்ஸ் எந்த பாஷையில் கொடுத்தாலும். கடை ரூம் மாமனாருக்குச் சொந்தம். மாமனாருக்கோ அந்த ரூமில் தேங்காய் போட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. வியாபாரம் நடக்கிற வரைக்கும் வைத்துக்கொள், நடக்காவிட்டால் ரூமைக் காலி செய்துவிட்டு மாட்டைப் பார் என்பது அவர் போட்ட கண்டிஷன். ஆகவே கடைக்கு வருகிற ஒவ்வொரு ஆளும் சாந்தாமணிக்கு முக்கியம்.

இந்த நிலைமையில்தான் டீக்கடையில் மச்சான் வாயைத் திறந்தார்.

"ஏனுங்க, வைரஸென்ன வானத்துல இருந்தா உழுகுது? உடறவனும் அந்தக் கம்பெனிக்காரன்தான், மருந்து விக்கறவனும் அவன்தான். புள்ளையையும் கிள்ளி உட்டுப்போட்டுத் தொட்டிலையும் ஆட்டறானுங்க."

டீக்கடையே தலையாட்டியது. நானும் ஆட்டினேன். எனக்கும் அந்தச் சந்தேகம் ரொம்ப நாளாக உண்டு. காசு கட்டி வாங்கும் ஆன்ட்டிவைரஸில், சந்தா முடிகிற மாதம் பார்த்து அந்தச் சிவப்புப் பெட்டி ஏன் அத்தனை தடவை வந்து பயமுறுத்துகிறது? காசு கட்டிய மறுநிமிடம் எல்லா ஆபத்தும் எங்கே போய்விடுகிறது? நிரூபிக்க என்னிடம் ஒன்றும் கிடையாது. டீக்கடையில் யார் நிரூபணம் கேட்கிறார்கள்?

இது ஒன்றும் புதுச் சந்தேகமும் இல்லை. எழுபதுகளில் எங்கள் கிணற்றுக்கு மோட்டார் வந்த புதிதில், அடிக்கடி உள்ளே செப்புக்கம்பி சுற்றிய காயில் புகைந்துவிடும். பக்கத்து டவுன் கொழிஞ்சாம்பாறையில் காயில் கட்டுகிறவர் ஒருவர் இருந்தார். அப்பா மோட்டாரைக் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். நானும் வண்டியில் தொற்றிக்கொள்வேன். போகிற வழியெல்லாம் அந்த மனுஷருக்கு அர்ச்சனைதான். அவரும் லைன்மேனும் கூட்டாம். லைன்மேன் மூன்று கம்பியில் ஒரு ஃபேஸைப் பிடுங்கிவிடுகிறாராம், இவர் காயில் கட்டிக் காசு பார்க்கிறாராம். கடைக்குள் கால் வைத்ததும் அப்பா, "ஏனுங்க, சவுக்கியங்களா?" என்பார் பாருங்கள்... அப்படி ஒரு குழைவு! கரண்ட் சரியான வோல்டேஜில் வராவிட்டால் எந்த மோட்டாரும் எரியும் என்பது அப்பாவுக்குத் தெரியாததில்லை. ஆனால் வோல்டேஜைத் திட்டி என்ன பிரயோஜனம்? திட்டுவதற்குக் கண்ணெதிரே ஒரு ஆள் வேண்டாமா?

எங்கள் டீக்கடைக்கும் ஆள் வேண்டியிருந்தது. கம்பெனி அமெரிக்காவிலோ ரஷ்யாவிலோ இருக்கிறது. டீக்கடை பெஞ்சிலிருந்து பார்த்தால் தெரிவது சாந்தாமணியின் கடை. முதலில் யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை. அந்தப் பெண்தான் வைரஸ் எடுக்கிறது, எடுக்கக் காசு வாங்குகிறது, எடுத்த கொஞ்ச நாளிலேயே மறுபடி வருகிறது... அப்படியென்றால்? மச்சான் டீயை ஆற்றிக்கொண்டே, கணக்கு சரியாகத்தான் வருகிறது என்றார். பெரிய வீட்டுக்காரர் சொன்ன பிறகு வேறென்ன வேண்டும்? சாயங்காலத்துக்குள் விஷயம் ரேஷன் கடை வரைக்கும் போய்விட்டது.

அடுத்த வாரமே பென்டிரைவ்கள் பஸ் ஏறிக் கொழிஞ்சாம்பாறைக்குப் போக ஆரம்பித்தன. பென்டிரைவோடு ஜெராக்ஸும் போனது, அபேட்சையும் போனது. மாமனார் ஒருநாள் கடைக்குள் வந்து, சுவரில் ஈரம் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்திருக்கிறார். ஆடி நோம்பி வரைக்கும் பார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

தமிழை இழந்த அன்று நான் அந்தக் கடைக்குத்தான் ஓடினேன். வேறு நாதி? சாந்தாமணி தனியாக உட்கார்ந்து, ஏற்கெனவே பளபளவென்று இருந்த ஜெராக்ஸ் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். நேரே என் வீட்டுக்கே வந்து மச்சான் போட்ட ஆன்ட்டிவைரஸைக் கழற்றி எறிந்தார். டைப்பிங் சாஃப்ட்வேரை மறுபடி போட்டதும் தமிழ் திரும்பி வந்தது; அதற்குள் பத்தி அனுப்பும் நேரம் தாண்டிவிட்டது. பிறகு என் பென்டிரைவைச் சொருகிப் பார்த்தார். குட்டி அம்புகள் நின்றன. ஏதோ ஒரு வரி அடித்து, காணாமல் போனவற்றையெல்லாம் வெளியே கொண்டுவந்தவர், ஒரு ஃபோல்டரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

அது என் அக்கா மகளின் நிச்சயதார்த்த வீடியோ. மச்சான் கொடுத்தது.

ரொம்பக் கேட்ட பிறகுதான் சாந்தாமணி சொன்னார். அவர் கடைக்கு வைரஸோடு வந்த பென்டிரைவ் அத்தனையிலும் இந்த நிச்சயதார்த்தம் இருந்திருக்கிறது. மகளுக்கு நல்ல இடம் அமைந்த சந்தோஷத்தில், மச்சான் சொந்தக்காரர் வீடு ஒன்று விடாமல் போய், தன் பென்டிரைவைத் தானே சொருகி வீடியோவை ஏற்றிவிட்டு வந்திருக்கிறார். வீடியோ போன வீட்டுக்கெல்லாம் வைரஸும் போயிருக்கிறது. அவர் லேப்டாப்புக்கு அது எப்படி வந்தது? என் வீட்டுக்கு வருமுன்பே அவர் அதில் போட்டிருந்த அந்த ஓசி சிடிதான். காசு கட்டாமல் ஆன்ட்டிவைரஸை ஓட்டுவதற்கு அதில் ஒரு திருட்டு ஃபைல் இருந்திருக்கிறது. வைரஸே அந்த ஃபைலுக்குள்தான் குடியிருந்திருக்கிறது.

ஆக, மச்சான் டீக்கடையில் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை! வைரஸ் விட்டவனும் மருந்து கொடுத்தவனும் ஒரே ஆள்தான். கம்பெனிக்காரன் யோக்கியனா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எங்கள் ஊரில் தொட்டிலை ஆட்டியது மச்சான்.

முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று சாந்தாமணியிடம் கேட்டேன்.

"யாருகிட்டப் போயிச் சொல்றதுங்ணா? அவிய பெரிய ஊடு. பண்ணறதையும் பண்ணிப்போட்டு அவரு மேல பழி போடறா பாருன்னு சொல்லுவாங்க. இருக்கற நாலு பேரும் வர மாட்டாங்க."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதானா? மச்சானிடம் நேராகப் போய்ச் சொன்னால் எடுபடாது. அவர் என்னையே கம்பெனி ஏஜென்ட் என்பார். அக்காவிடம் போனேன். அக்காவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. மச்சானைத் தெரியும். அந்தப் பிள்ளையை நம் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வா, பார்த்துவிடலாம் என்றது.

புது பென்டிரைவ் ஒன்றை மச்சானையே வாங்கிவரச் சொன்னோம். அவரே கவரைப் பிரித்தார். சாந்தாமணி கூடவே கொண்டுவந்த தன் லேப்டாப்பில் அதைச் சொருகி, ஒரு ஃபோல்டரில் சாமி படத்தைப் போட்டு, எல்லாரும் பார்க்கத் திறந்து காட்டினார். பிறகு அதை மச்சானின் லேப்டாப்பில் சொருகினார். அங்கே பச்சை டிக் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். சாமி மேல் குட்டி அம்பு முளைத்துவிட்டது.

மச்சான் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தார். லேப்டாப் சூடாக இருக்கிறது, ஆறவைத்துப் பார்க்கலாமா என்று மெல்லக் கேட்டார். அக்கா அடுக்களைப் பக்கம் நடந்துகொண்டே சொன்னது:

"எந்த டீக்கடையில சொன்னீங்களோ, அதே டீக்கடையில போயிச் சொல்லிப்போட்டு வந்து சோறுண்ணுங்க."

போனார். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், மனுஷர் போனார். நானும் கூடப் போனேன். பெஞ்சில் எல்லாரும் இருந்தார்கள். எல்லாம் தன் லேப்டாப்பிலிருந்து பரவியதுதான், அந்தப் பெண் மேல் தப்பில்லை என்று முழுசாகவே சொன்னார். பிறகு மச்சானுக்கு ஒரு ஸ்பெஷல் டீ சொன்னார்கள். அவருக்கு என்ன தெரியும் பாவம், அந்தக் கோயமுத்தூர்ப் பையன் ஏமாற்றிவிட்டான் என்று ஆளாளுக்குத் தேற்றினார்கள். டீ ஆறுவதற்குள் மன்னிப்பு முடிந்துவிட்டது.

சரி, சாந்தாமணி? பெஞ்சு மூலையில் இருந்த ஒருவர் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப அந்தப் புள்ளைக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்குது பாருங்க. தெரிஞ்சும் சொல்லாம, எடுத்து எடுத்துக் காசு வாங்கியிருக்குது."

கணக்கு மறுபடியும் சரியாக வந்துவிட்டது! நான் கத்தினேன். நிஜமாகவே கத்தினேன். எழுதுகிறவன், இப்படித்தான் உணர்ச்சிவசப்படுவான் என்று எனக்கும் ஒரு டீ சொன்னார்கள். மச்சான் டீயைக் குடித்துவிட்டு வீட்டைப் பார்த்துக் கிளம்பினார். அன்று இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் சாப்பிட்டார் என்று அக்கா சொன்னது.

ஆடி நோம்பி வந்தது. சாந்தாமணி ரூமைக் காலி செய்து கொடுத்தார். மாமனார் ஆசை தீரத் தேங்காய் போட்டுக்கொண்டார். ஆனால் மாட்டைப் பார்க்க சாந்தாமணி போகவில்லை. பொள்ளாச்சியில் கூடப் படித்த சிநேகிதியோடு சேர்ந்து கொழிஞ்சாம்பாறையில் கடை எடுத்துவிட்டார். கண்ணாடிக் கதவு, ஏ.சி., கதவில் ஒரு ஆன்ட்டிவைரஸ் கம்பெனியின் பெரிய போஸ்டர். எங்கள் ஊர் பென்டிரைவ்கள் ஏற்கெனவே கொழிஞ்சாம்பாறைக்குப் பழகியவை ஆயிற்றே. பஸ் ஏறி அதே சாந்தாமணியிடமே போய்ச் சேர்கின்றன. சார்ஜ் முன்னைவிடக் கூடுதல். ஒருவராவது சந்தேகப்பட வேண்டுமே? ஏ.சி.யில் உட்கார்ந்திருப்பவர் வைரஸ் விடுவாரா என்ன?

முந்தாநாள் மச்சானும் அங்கே போனார். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வேண்டும். ப்ரூஃப் பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கடையில் வேலந்தாவளத்துக்காரர் ஒருவர் பென்டிரைவைக் கையில் பொத்திப் பிடித்தபடி, கொடுக்கலாமா வேண்டாமா என்று நின்றிருந்தார். இந்தக் கடைக்காரர்களே எதையாவது ஏற்றிவிட்டுவிடுவார்களாமே என்று மச்சானிடம் மெதுவாகக் கேட்டார்.

மச்சான் அவர் தோளில் தட்டினார். "பயப்படாமக் குடுங்க. நம்ம ஊருப் புள்ளைதானுங்க. நாங்கெல்லாம் இங்க மட்டுந்தான் குடுக்கறது."

நான் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேலந்தாவளத்துக்காரர் நிம்மதியாகக் கொடுத்தார். சாந்தாமணி வாங்கிச் சொருகினார், எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கிப் போட்டார். அடுத்தது மச்சான் முறை. சட்டைப் பையிலிருந்து தன் பென்டிரைவை எடுத்து, பத்திரிகைக்கு வேண்டிய பெயரெல்லாம் இதில் இருக்கிறது என்று பெருமையாக நீட்டினார்.

சாந்தாமணி அதை வாங்கவில்லை. மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து மச்சான் பக்கம் தள்ளினார்.

"எழுதிக் குடுத்துருங்க மாமா. அதை மட்டும் சொருக மாட்டனுங்க."