கனடாவிலிருந்து எரிந்த வாசல் விளக்கு

'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். சுவரில் பல்லி சொல்வது போல இருக்கும். உடனே எதிர்வீட்டு அக்காவின் வாசல் விளக்கு எரியும். எங்கள் தெரு ஒரு ஆட்டோ நின்றால் இன்னொரு வண்டி போக முடியாத தெரு. அதனால் என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் எனக்கும் அந்தச் சத்தம் கேட்கும். அக்கா கேட்டுக்கு உள்ளே நின்றபடி என்னைப் பார்த்துச் சொல்வார்: "தம்பி லைட்டு போட்டுட்டான் பாரு." நான் "ஆமாங்க்கா" என்று சிரிப்பேன். சிரித்த வாயையும் ஆண்டவர் பார்த்திருப்பார், அந்த நேரத்தில் என் வயிற்றுக்குள் எரிந்ததையும் பார்த்திருப்பார். அவரிடம் எதை மறைக்க முடியும்?

பருத்திப்பட்டில் ஏரிக்குப் பின்பக்கம் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த அதே வருஷம்தான் அவர்களும் வந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கே சொந்தமாகக் கட்டினார். இரண்டு வீடும் ஒரே பங்குக் கோயிலைச் சேர்ந்தவை. எங்கள் தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வோம். அன்பியம் என்போம் அதை. அதிலும் நாங்கள் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்காருவோம். நான் எட்டாவதோடு நின்றவள், அக்கா அந்தக் காலத்துப் பத்தாவது. வாசகம் வாசிப்பது அவர், பாட்டை எடுத்துக் கொடுப்பது நான். அவர் வீட்டுக்காரர் இறந்து, ஒரே மகன் படித்துக் கனடாவுக்குப் போய்விட்ட பிறகு, குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் அந்த வீட்டுக்குப் போகாமல் இருக்காது. பாவம், ஒண்டியாக இருக்கிறாரே என்று உருகுவேன். இப்போது யோசித்தால் தெரிகிறது. அவர்மேல் பரிதாபப்பட எனக்கு ஒரு காரணம் இருந்தவரை என் அன்புக்கு ஒரு குறையும் வரவில்லை.

ஒரு மே மாதம் அக்காவின் மகன், அந்தத் தம்பி, லீவில் வந்தான். அதற்குச் சில நாள் முன்னால்தான் அக்கா பின்கட்டில் மோட்டார் போடப் போய்ப் பாசியில் வழுக்கி, இடுப்பில் அடிபட்டுப் படுத்திருந்தார். தம்பி ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து, மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டவைத்தான். நெட் கனெக்‌ஷனோடு சேர்ந்த சுவிட்சாம் அது. செல்லில் தொட்டால் போதும், உலகத்தில் எங்கே இருந்தாலும் இந்த வீட்டு மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். வாசல் விளக்கு, மாதா படத்துக்கு முன்னால் இருக்கும் சின்ன விளக்கு, இரண்டும் அப்படியே. தம்பி தெருமுனைக்குப் போய் நின்று செல்லைத் தொட்டான். வீட்டுக்குப் பின்னால் மோட்டார் உறுமியது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்து நாளில் தம்பி விமானம் ஏறினான். அதற்கப்புறம்தான் தினமும் அந்த 'டிக்'.

"இங்க ஆறுன்னா அங்க காலைல எட்டரை. காப்பி குடிக்கறதுக்கு முன்னாடி அம்மாவுக்கு லைட்டப் போட்டாத்தான் அவனுக்கு மத்த வேலை ஓடும்." இதை அக்கா பால்காரரிடம் சொன்னார், கீரைக்காரம்மாவிடம் சொன்னார், பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று பங்குச் சாமியாரிடமும் சொன்னார். தொட்டி நிரம்பி வழிந்தால் அக்கா போனில் "தண்ணி போவுதுடா" என்பார், கனடாவிலிருந்து மோட்டார் நிற்கும். என் வீட்டில் தண்ணீர் வழிந்தால், கட்டிலில் படுத்திருக்கும் என் மகன் செல்லிலிருந்து கண்ணை எடுக்காமல் கத்துவான்: "ம்மா, தொட்டி வழியுது, இன்னா பண்ற அங்க?" சுவிட்ச் அவன் தலைமாட்டுச் சுவரில்தான் இருக்கிறது.

என் மகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே பிள்ளைதான் எனக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டான். வருவான், தின்பான், படுப்பான். அவன் கையிலும் ஒரு செல் இருக்கிறதே, எனக்கென்று ஒரு நாளாவது அதைத் தொட்டிருப்பானா என்று எனக்குப் பொருமலாக இருக்கும். ஒரு நாள் கேட்டே விட்டேன். "பெரிம்மா ஊட்டுல கீதே, அந்த மாதிரி ஒரு பொட்டி நமக்கும் போடேண்டா."

"எதுக்கு? நான் இங்க தானே கீறேன்?"

"நீ வேலைக்குப் போற எடத்துலேர்ந்து லைட்டு போடுவல்ல."

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை விட்டுவிட்டுச் சிரித்தான். "அம்மா, சுவிட்சு உன் தலைக்கு மேல கீது. எழுந்து நின்னா கை எட்டும். அதுக்கு நான் அம்பத்தூர்ல மெஷினை நிறுத்திட்டு லைட்டு போடணுமா? சூப்பர்வைசர் என்னை ஆஃப் பண்ணிடுவான்." அன்றைக்கு அவனுக்கு மோர் ஊற்றவில்லை நான்.

அக்டோபர் ஜெபமாலை மாதம். மாதா சுரூபம் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு வீட்டுக்குப் போகும். அக்கா வீட்டு முறை வந்த அன்று மாதாவைச் சுற்றிச் சீரியல் பல்பு கட்டி, அதன் வயரையும் அந்தப் பெட்டியோடு சேர்த்திருந்தார்கள். ஜெபமாலையின் முதல் மறையுண்மையைச் சொல்ல அக்கா வாயைத் திறந்தார். 'டிக்'. நீலமும் வெள்ளையுமாக மாதாவைச் சுற்றி விளக்குகள் ஓடின. "அம்மாடி!" என்று எல்லாப் பெண்களும் ஒரே குரலில் மூச்சு விட்டார்கள். "பெத்தா இப்படி ஒண்ணு பெக்கணும்" என்று எனக்குப் பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு ஐம்பத்து மூன்று மணியும் நான் அதையேதான் உருட்டினேன். மாதாவே, என்னை மன்னியும். உம் முகத்தைப் பார்க்காமல் அந்த வயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மாதா என் வீட்டுக்கு வந்தார். நான் மெழுகுவர்த்தி ஏற்றினேன். மகன் ஓவர்டைம் என்று வரவேயில்லை.

நவம்பர் பிறந்ததும் ஒரு நாள் ஆறு மணிக்கு விளக்கு எரியவில்லை. அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறேகால், ஆறரை. தெரு இருட்டிவிட்டது. ஏழு அடித்ததும் 'டிக்', எரிந்தது. மறுநாளும் ஏழு. அதற்கடுத்த நாளும் ஏழு, ஒரு நிமிஷம் முன்பின் இல்லை. அந்த ஒரு மணி நேரமும் அக்கா இருட்டில் அசையாமல் நின்றார். நான் கீரையை ஆய்ந்து முடித்த பிறகும் உள்ளே போகாமல் படியிலேயே உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு இனித்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இனித்தது என்பதுதான் உண்மை.

மகனிடம் சொன்னேன். அவன் ஒரு நொடி யோசித்துவிட்டுச் சொன்னான்: "குளிர் வந்தா அந்த ஊர்ல கடிகாரத்த ஒரு மணி பின்னாடி திருப்பி வெச்சிடுவாங்கம்மா. அண்ணன் அந்த ஊரு எட்டரைக்கு டைமர் வெச்சிருக்காரு. அங்க மணி மாறுனதால இங்க ஏழுக்கு எரியுது."

"டைமரா? அந்தத் தம்பி தெனம் எழுந்து போடல?"

"யாராவது தெனம் எழுந்து போடுவாங்களா? ஒருவாட்டி செட் பண்ணா அதுவே எரியும். நீ இன்னா இத்தினி நாளா அப்படித்தான் நெனச்சிக்கினு இருந்தியா?"

நான் மட்டுமா, தெருவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது. அந்த வார அன்பியம் வரும்வரை அந்தச் சேதியை வாயில் போட்ட கற்கண்டு போல ஒதுக்கி வைத்திருந்தேன். ஆத்துமாக்கள் மாதம். இறந்தவர்களுக்காக வேண்டிக்கொண்டு, அக்கா தன் வீட்டுக்காரரின் பேரைச் சொல்லி முடித்து உட்கார்ந்தார். டீ வந்தது. யாரோ அக்காவிடம், "இப்பல்லாம் லைட்டு லேட்டா எரியுதே, தம்பிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். அக்கா பதில் சொல்லுமுன் நான் முந்திக்கொண்டேன். குரலில் தேனைத் தடவிக்கொண்டு சொன்னேன்: "அதெல்லாம் ஒண்ணும் இல்ல. அது டைமரு. தானா எரியற லைட்டு. தம்பி ஒருவாட்டி வெச்சிட்டு மறந்துட்டாரு போல. என் பையன் சொன்னான். பாவம் அக்கா, அவங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "அப்படியாம்மா?" என்றார். அவ்வளவுதான். எல்லாருக்கும் முன்னால் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த நாளிலிருந்து அந்த 'டிக்' கேட்கவில்லை. பெட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டார் போலிருக்கிறது. பொழுது சாய்ந்ததும் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துவந்து, அவரே சுவிட்சைப் போடுவார். என் பக்கம் திரும்ப மாட்டார். குழம்புக் கிண்ணம் கொண்டுபோனால் கதவு சாத்தியிருக்கும். மூன்று வாரம். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. இனி அந்த வாசலைப் பார்த்துப் பொறாமைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் கீரை ஆய உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வழக்கம்போலப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொறாமைப்பட்டேன் சாமி என்று மட்டும் சொல்லி எழுந்துவிடலாம் என்று பார்த்தேன். சாமியார் விடவில்லை, யார்மேல், என்ன செய்தாய் என்று கேட்டார். சொன்னேன். "இங்க முழங்கால் போட்டா மட்டும் பத்தாதும்மா. அந்த வீட்டுக்குப் போங்க" என்றார். அப்படியே நேராகப் போனேன். கையில் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துப் போனால் அந்தக் கிண்ணத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன் என்று எனக்கே தெரியும்.

கதவு திறந்திருந்தது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து குடில் பொம்மைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன்: "அக்கா, என்னை மன்னிச்சிடுங்க. உங்க மேல பொறாமைல சொல்லிட்டேன்."

அவர் நிமிரவில்லை. "டைமருன்னு எனக்கு அதை மாட்டுன அன்னிக்கே தெரியும்டி" என்றார். "ஜெபமாலை அன்னிக்கு மட்டும் அவனே போட்டான். அதுக்கு நான் ஒரு வாரம் கெஞ்சினேன்."

"அப்புறம் ஏன்க்கா அந்த இருட்டுல ஒரு மணி நேரம் நின்னீங்க? உள்ள போய் சுவிட்சப் போட்டிருக்கலாமே."

"நான் போட்டா நீ பாத்துடுவியே. பொட்டி கெட்டுப்போச்சோன்னு பயந்து அவனுக்கு மூணு நாளும் போன் பண்ணேன், எடுக்கல." கையிலிருந்த இடையன் பொம்மையைத் திருப்பித் திருப்பித் துடைத்தார். பிறகு திடீரென்று சிரித்தார். "பொறாமையாம், என் மேல! தெனம் ஆறு மணிக்கு உன் புள்ள வந்து நிக்கறான். ரெண்டு ஆரன் அடிக்கறான். 'ம்மா, கேட்டத் தொற'ன்றான். நீ 'வந்து தொலையறேன் இருடா'ன்னு திட்டிக்கினே எழுந்து ஓடற. இந்த ஜன்னல்ல உக்காந்து அதை வருஷக்கணக்கா கேட்டுக்கினு இருந்தவ நானு. பொட்டி மாட்டுறப்போ எத்தினி மணிக்கு வெக்கணும்னு எம்புள்ள கேட்டான். ஆறுக்கு வைடான்னேன். ஆறரைக்குத்தானேம்மா இருட்டும்னான். நீ ஆறுக்கு வைடான்னேன்."

அந்த நேரத்தில் தெருவில் இரண்டு ஆரன் கேட்டது. நான் நகரவில்லை. "போடி, புள்ள நிக்குது" என்று அக்காதான் என்னை விரட்டினார். போய்க் கேட்டைத் திறந்தேன். "எங்கம்மா போன?" என்று கேட்டுக்கொண்டே அவன் வண்டியை உள்ளே ஏற்றினான். அவன் முகத்தை அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன்.

இதெல்லாம் நடந்து சில வருஷமாகிவிட்டது. அக்காவின் இடுப்பு வலி அதிகமாகி, தம்பி வந்து கையோடு கனடாவுக்கே கூட்டிப்போய்விட்டான். எதிர்வீட்டில் வாடகைக்கு ஐ.டி. வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள். என் மகனுக்குக் கல்யாணமாகி, மருமகள் வேலைக்குப் போக வசதியென்று அயனம்பாக்கத்தில் ஃபிளாட் பார்த்துப் போய்விட்டான். பக்கம்தான். ஆனாலும் ஞாயிறு பூசைக்குக்கூட மாதத்தில் ஒரு தடவைதான் வருகிறான். அக்காவிடம் இதை நான் சொல்லவேயில்லை. அவர் அங்கே காலையில் எழுந்ததும், எனக்குச் சாயங்காலமாக இருக்கும்போது போன் செய்வார். பேச்சுக்கு நடுவில் அவர் பின்னால் ஒரு ஆண்குரல், "அம்மா, என் சாவி எங்க வெச்ச?" என்று கத்தும். "டேபிள் மேல பாருடா" என்பார் அக்கா. எனக்குப் பழைய எரிச்சல் அப்படியே மேலே வரும். எத்தனை தடவை முழங்கால் போட்டும் அது போகவில்லை.

போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போது கேட்டார்: "அங்க மணி ஆறாச்சே, புள்ள வந்துட்டானா?"

"வந்துட்டான்க்கா. கை கால் கழுவறான்" என்றேன்.

அக்கா விடவில்லை. "ஆரன் சத்தம் கேக்கலியே?"

"வண்டிய சர்வீஸ் உட்டுக்கீறான்க்கா. பஸ்ஸுல வந்தான்."

"அப்படியா" என்றார் அக்கா. அன்பியத்தில் டம்ளரைக் கீழே வைத்தபோது சொன்ன அந்த 'அப்படியா' இல்லை இது. "சரி சரி, பசியோட வந்திருப்பான். சூடா தோசை ஊத்திப் போடு, போ" என்று போனை வைத்துவிட்டார்.

நான் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.