கடைசி நிமிடத்தில் வரும் மஞ்சள் விலை

ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் எங்கள் மென்பொருள் படுத்துக்கொண்ட அன்று, எனக்கு மஞ்சளைப் பற்றிய கவலை வரவில்லை. என் வேலையைப் பற்றித்தான் வந்தது. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவனை சப்போர்ட் வேலைக்கு இன்னொரு கம்பெனி எடுக்குமா?

வியாபாரிகள் செல்போனில் விலை போடுவார்கள். அது வெப் சர்வீஸ் வழியாகக் கோவையிலுள்ள எங்கள் சர்வருக்கு வரும். அன்று ஏலம் முடிந்தபோது பாதி விலைகள் வந்து சேரவில்லை. சேராத விலை செல்லாது.

மண்டிச் செயலாளர் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அடுத்த ஏலத்துலயும் இப்படின்னா நாங்க பழையபடி துண்டுச்சீட்டுல வெல எழுதறதுக்கே போயிக்கறமுங்க. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?" என்றார்.

முதலாளி பெரிய சர்வர் வாங்கினார். பொட்டு வைத்துத் தேங்காய் உடைத்தோம். ரிப்போர்ட்டில் சராசரி வேகம் அருமையாக இருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் எதற்கெடுத்தாலும் தூக்கம் கெடுபவன் என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை.

எங்கள் எஞ்சினியர் நந்தினிதான் அன்றைய ஏலத்தில் விலைகள் வந்த நேரத்தைப் பார்த்தார். ஏலம் முழுக்க சர்வர் சும்மா கிடந்திருக்கிறது. கடைசி நிமிடத்தில் எல்லா விலைகளும் மொத்தமாக வந்து விழுந்திருக்கின்றன. முன்னால் போட்டால் விலை கசிந்துவிடும் என்று ஒவ்வொரு வியாபாரியும் அடுத்தவர் போடட்டும் என்று காத்திருப்பார். விலைகளை வாங்கிச் சேர்க்க நாங்கள் பயன்படுத்திய மெசேஜிங் லைப்ரரி என்ற மென்பொருள் துண்டோ ஒவ்வொரு விலைக்கும் புதிதாக கனெக்‌ஷன் திறந்து, ஆளைச் சரிபார்த்து, மூடிவிட்டு, அடுத்ததற்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.

"கல்யாண ஊட்டு வாசல்ல நின்னு, ஒவ்வொருத்தருக்கும் கதவைத் தொறந்து தொறந்து பூட்டுதுங்கண்ணா" என்றார் நந்தினி.

அதை மாற்றி எழுதுவதைவிடச் சுலபமான வழி முதலாளிக்குத் தோன்றியது. கொஞ்சம் முன்னதாகவே விலை போடும்படி வியாபாரிகளைக் கேட்டுவர என்னை அனுப்பினார். எல்லாக் கடையிலும் மோர் கொடுத்தார்கள். "அதுக்கென்னங்க, போட்டுப்போடலாமுங்க" என்றார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. திரும்பி வந்ததும் நந்தினியிடம், கதவு வேலையை உடனே பாருங்கள் என்று சொன்னேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் இத்தனை மரியாதையாகச் சம்மதித்தால், நடக்காது என்று பொருள்.

திறந்த கனெக்‌ஷனையே மறுபடியும் பயன்படுத்தும்படி அவர் மாற்றினார். அடுத்த ஏலத்தில் ஒரு விலையும் விடுபடவில்லை. செயலாளர் துண்டுச்சீட்டுப் பேச்சை எடுக்கவில்லை. என் வேலையும் தப்பியது.

வெளியே வரும்போது பெரிய வியாபாரி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்பத்தானுங்க நிம்மதி. இனி கடைசி அஞ்சு செகண்டுல போட்டாலும் போயிருமுங்களா?"

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: சராசரியை நம்பாதீர்கள். வேகத்தைக் கூட்டினால் ஆட்கள் சீக்கிரம் வரமாட்டார்கள். இன்னும் தாமதிக்கத்தான் துணிவு வரும். சோதிப்பதென்றால் கடைசி ஐந்து விநாடியைச் சோதியுங்கள். நாங்கள் அந்தச் சோதனையை மறுநாளே தொடங்கிவிட்டோம்.