பூச்சூட ஒரு பொய்முடி

கண்டியில், சிகிச்சை அறைக்கு வெளியே இருந்த நீண்ட நடையில், பெண்கள் எல்லோரும் தலையை மூடியிருந்தார்கள். சிலர் சால்வையால், சிலர் கம்பளித் தொப்பியால். மாத்தளையிலிருந்து முதன்முறையாக வந்திருந்த என் மனைவி தன் நீண்ட பின்னலை முன்னால் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் அதைக் கவனிக்காதவன்போலப் பத்திரிகை வாசித்தேன்.

அவளுடைய மார்பில் இருந்த கட்டி புற்றுநோய் என்று பயாப்சியில் (கட்டியின் சிறு துண்டை எடுத்துச் சோதித்தல்) உறுதியாகியிருந்தது. கீமோதெரபி (புற்றுக் கலங்களை அழிக்கும் மருந்தை இரத்தத்தில் ஏற்றுதல்) தொடங்கினால் முடி உதிரும், பின்னர் மீண்டும் வளரும் என்று வைத்திய நிபுணர் கூறினார்.

“அதுக்குள்ள மகளோட கல்யாணம் வந்துருமே டொக்டர்” என்றாள். உயிரைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை.

நான் இளைப்பாறிய பாடசாலை அதிபர். கோயில் பரிபாலன சபை உறுப்பினன். வீட்டு விடயம் வீதிக்குப் போகலாகாது என்பது என் கொள்கை. விசாரித்தவர்களுக்கு வயிற்றுப்புண் என்று சொன்னேன்.

முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வரத் தொடங்கிய நாளில் அவள் தன் முடிவைச் சொன்னாள்.

“பூ வைக்க முடியில்லாம நான் மணவறையில உக்கார மாட்டேங்க. ஒங்க தம்பியும் அவர் சம்சாரமும் தாரை வார்த்துக் குடுக்கட்டும்.”

தாரை வார்த்தல், பெற்றோர் இருவருமாக நீர் வார்த்து மகளை ஒப்படைக்கும் சடங்கு. கணவன் இருக்கும் பெண் பூவில்லாத தலையோடு அதில் அமர்ந்தால் அபசகுனம் என்பார்கள் எங்கள் சனங்கள். அவளும் அந்தச் சனங்களில் ஒருத்திதான். ஒரே மகளின் மணவறையில் அவளுடைய இடம் வெறுமையாவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அறிந்தவர் எவரும் பார்க்கலாகாது என்று கண்டியில் ஓர் அழகு நிலையத்தைத் தேர்ந்தேன். அதன் உரிமையாளர் முஸ்லிம் பெண்மணி. நாங்கள் இரண்டு வார்த்தை பேசியதுமே, “சேர் மாத்தளையா? நானும் அங்க கொங்காவலதான்” என்றார். என் முகம் மாறியதைக் கண்டு சிரித்தார். “பயப்பட வாணாம் சேர். தலையும் பேசாது, நானும் பேச மாட்டேன்.”

இதே நிலையில் இருப்பவர்களுக்காக அவர் விளக்கியதை எழுதுகிறேன். உள்ள முடியைச் சிறு பின்னல்களாக்கி அதன்மேல் வைத்துத் தைக்கும் இணைப்புமுடியும், கிளிப்பால் மாட்டும் சவுரியும் விலை குறைந்தவை. ஆனால் இரண்டுக்கும் பிடித்து நிற்கச் சொந்த முடி வேண்டும். மருந்தேற்றும் காலத்தில் தலைத்தோல் புண்போல நோகும். தைப்பதும் பசையிட்டு ஒட்டுவதும் ஆகாது. எஞ்சுவது முழுத்தலையையும் மூடும் பொய்முடி. அதில் செயற்கை இழையாலானது எங்கள் ஓய்வூதியத்துக்கு எட்டியது. மனித முடியாலானதன் விலையோ, கல்யாணச் சமையலுக்குப் பேசிய தொகைக்கு நிகராக இருந்தது.

நான் விலை கூடியதையே காட்டினேன். எவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பது என் கணக்கு.

“நல்ல சாமான் சேர். இந்தியாவுல கோயில்ல மொட்டை அடிச்ச முடி” என்று அப்பெண்மணி பெருமையாகச் சொன்னார்.

அதைத் தடவிக்கொண்டிருந்த என் மனைவி கையை இழுத்துக்கொண்டாள். “சாமிக்கு நேர்ந்து குடுத்ததா? அத என் தலையில வச்சு, அதுல பூ வேற வைக்கிறதா? வேணாங்க.”

“கடைக்கு வந்த பிறகு அது வெறும் சரக்கு” என்றேன்.

“இதே பேச்ச அம்மன் முன்னால போய்ப் பேசுவீங்களா? சபையில இருக்கிற மனுசன்!”

பெண்மணி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். செயற்கை இழையையே வாங்கினோம். பணத்தை வாங்கும்போது எச்சரித்தார்: “அக்கா, இதுக்கு சூடு ஆகாது. அடுப்புகிட்டப் போனாலும் சுருண்டுரும்.”

மணவறையில் ஓமத்தீ இருக்கும் என்பது பஸ்ஸில் வரும்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. அவள் பொதியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். “தம்பிகிட்டயே சொல்லிருங்க” என்றாள்.

மறுநாள் நான் குருக்களிடம் சென்றேன். தீயைத் தள்ளி வைக்கச் சொல்ல வேண்டுமானால் காரணத்தைச் சொல்ல வேண்டும். நோயின் பெயரை வெளியாள் ஒருவரிடம் நான் உச்சரித்தது அதுவே முதல் தடவை. அவர் நிதானமாக விரலில் இருந்த சந்தனத்தைத் துடைத்தார்.

“தாரை வார்த்தப்புறம் அக்கினி வளத்துக்கலாங்கய்யா. அம்மா எழும்பிப் போகட்டும், அப்புறம் பத்த வைக்கிறேன். அது கெடக்கட்டும், அம்மாவுக்கு என்னா நட்சத்திரம்?”

“ஏன்?”

“வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை யாராவது அம்மா பேருல அர்ச்சனை வைக்கிறாங்க. நட்சத்திரம் ஒருத்தருக்கும் தெரியல. வெறும் பேரை மட்டும் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

ஊர் அறிந்திருந்தது. வயிற்றுப்புண் எப்படி என்று என்னிடம் விசாரித்தவர்களும் அறிந்தே விசாரித்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. “உத்தரட்டாதி” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவள் மணவறையில் அமர்ந்தாள். பொய்முடிக் கொண்டையில் மல்லிகைச் சரம். தாரை வார்க்கையில் செம்பு அவளுக்குக் கனத்தது. என் கையை அடியில் கொடுத்துத் தாங்கினேன். பலர் அவளுடைய தலையை நோக்கினர். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

சிகிச்சை முடிந்துவிட்டது. அடுத்த ஸ்கேன் (உடலின் உட்புறத்தைப் படமெடுத்தல்) வரை நிபுணர் எந்த உறுதியும் தரவில்லை. அதனால் இப்போது எங்கள் வீட்டில் எவரும் அடுத்த வருடத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

காலைகளில் அவள் தலையைத் துவட்டிக் கொடுக்கிறேன். இத்தனை காலம் உடன் வாழ்ந்தும், அவளுடைய காதுக்குப் பின்னால் சிறு பள்ளமொன்று இருப்பதை நான் அறிந்திருக்கவில்லை. வெண்மையாக, முடி என்று சொல்லத் தயங்கும்படி ஏதோ முளைக்கிறது.

“நேத்தைக்கு இன்னைக்கு வளர்ந்திருக்குதாங்க?” என்கிறாள்.

உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். ஒரு நாளின் வளர்ச்சி கைக்குத் தெரியாது. தெரியும்வரை வைத்திருக்கலாம் என்று கையை எடுக்காமல் நிற்கிறேன்.