படித்தேன், புரிந்துகொண்டேன்

எனக்குக் கொஞ்சம் வாய் அதிகம். மூக்கண்டப்பள்ளியில் எங்கள் லைன் வீட்டில் குடியிருக்கும் ஏழு குடும்பங்களும் அதற்குச் சாட்சி சொல்வார்கள். ஆனால் அன்று என் வேலையைக் காப்பாற்றியது வாய் இல்லை. ஒரு தாளைப் பொறுமையாகப் படித்ததுதான்.

சின்ன மோட்டார்கள் செய்யும் தொழிற்சாலையில் நான்கு வருடமாக ஒப்பந்த வேலை. மோட்டாரின் இரும்புக் கூட்டுக்குள் காந்தத்தை ஒட்டுவது என் பொறுப்பு. இரண்டு டப்பா பசையைக் கலந்து பேப்பர் கப்பில் ஊற்றித் தருவார்கள். நான் தடவி, ஒட்டி, அழுத்தி அடுத்த மேஜைக்குத் தள்ளுவேன். கண்ணை மூடிக்கொண்டே செய்வேன் என்று பெருமை பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சே எனக்கு வினையாக வந்தது.

வாடிக்கையாளரிடமிருந்து இரண்டு மோட்டார்கள் திரும்பி வந்தன. இரண்டிலும் காந்தம் கழன்றிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுகிறவள்தானே என்று, அறிக்கையில் காரணம் ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’ என்று எழுதிவிட்டார்கள். ஆபரேட்டர் என்றால் நான்தான். என் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. கவனக்குறைவு என்று பேர் வாங்கியவளுக்கு யார் புதுப்பித்துத் தருவார்கள்? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை சூப்பர்வைசர் புதிதாக அச்சடித்த வேலைமுறைத் தாளோடு வந்தார். மறுபயிற்சி கொடுத்ததாகக் கணக்காம். கீழே ‘படித்தேன், புரிந்துகொண்டேன்’ என்ற பொருளில் ஓர் ஆங்கிலக் கட்டம், அதில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளில் இந்தக் கட்டத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர் உண்டா என்று கேட்டால் சிரிப்பார்கள். தாள் வரும், பேனா வரும், வரிசையாகக் கிறுக்குவோம், லைன் ஓடும்.

“போடும்மா, அதே பழைய தாளுதான். லைன் நிக்குது பாரு.”

“பழைய தாளையும் நான் படிக்கல சார். இத படிச்சிட்டுப் போடறேன்.”

அவர் முகம் சுருங்கியது. பக்கத்து மேஜை அக்கா தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தாள். சும்மா போட்டுத் தொலை என்றுதான் இருக்கும். எனக்குப் பிடிவாதம் ஏறிவிட்டது. தப்பு என்னுடையது என்றால் எந்த வரியில் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

நான் தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது. தாளோ முழுக்க ஆங்கிலம். ஐந்து வரி வரை தட்டுத்தடுமாறி வந்துவிட்டேன். ஆறாவது வரியில் ஒரு வார்த்தை வழிமறித்தது. ‘டூ நாட் ரிப்ளெனிஷ் த கப்.’ ரிப்ளெனிஷ்! அதுவரை கேட்டதே இல்லை. செல்போனில் பார்க்கலாமென்றால், அது கேட்டிலேயே லாக்கருக்குப் போய்விட்டது.

அப்போதுதான் மாநில எல்லை தாண்டிப் போகும் அத்திப்பள்ளி பஸ் நினைவுக்கு வந்தது. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் எனக்குக் கன்னடம் ஓர் எழுத்தும் தெரியாது. கண்டக்டர் “ஸ்வல்ப முந்தே ஹோகி” என்பார், நின்றவர்கள் எல்லாம் கொஞ்சம் முன்னே நகர்வார்கள். யாரும் எனக்கு அர்த்தம் சொல்லவில்லை. சுற்றி நடந்ததைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். பஸ்ஸில் செய்ததைத் தாளில் செய்தால் என்ன?

‘டூ நாட்’ சுவரெல்லாம் எழுதியிருக்கும். டூ நாட் டச், டூ நாட் ரன். அதற்கு அடுத்து எப்போதும் ஒரு செயல்தான் வரும். ஆக, ரிப்ளெனிஷ் என்பது கப்பை வைத்து நாம் செய்யும் ஏதோ ஒரு காரியம், செய்யக்கூடாத காரியம். முன்னால் ஒரு ‘ரி’ இருக்கிறது. ரிவொர்க், ரிசெக், ரிடெஸ்ட் என்று தினமும் காதில் விழும் வார்த்தைகள், எல்லாமே ‘மறுபடி’ செய்வது. கப்பை மறுபடி என்ன செய்வோம்? கழுவுவோமா, கலக்குவோமா? அடுத்த வரியைப் படித்தேன். ‘இன்ஸ்டெட்’ என்று தொடங்கி, நாற்பது நிமிடத்துக்கு ஒரு ஃப்ரெஷ் கப் எடுக்கச் சொன்னது. இன்ஸ்டெட் தெரியாத தொழிலாளி உண்டா? ஞாயிற்றுக்கிழமை லீவைப் புதன்கிழமைக்கு மாற்றும்போதெல்லாம் நோட்டீஸ் போர்டில் வரும் வார்த்தை. அதற்குப் பதிலாக இது. புதுக் கப் எடுப்பதற்குப் பதிலாக நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? பழைய கப்பில் பசை குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்தோம்!

ஊகம் என்றால் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது அல்ல. ஆகவே கண்டுபிடித்த அர்த்தத்தை வைத்து முழுத் தாளையும் இன்னொரு முறை படித்தேன். எங்கேயும் இடிக்கவில்லை. தூணில் தொங்கிய ஃபைலைப் பிரித்துப் பழைய தாளைப் பார்த்தேன். அதிலும் ஆறாவது வரி அதேதான். கீழே நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் போட்ட கிறுக்கல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் சூப்பர்வைசரின் கையெழுத்தும் இருந்தது.

“சார், மேல ஊத்தி நிரப்பக் கூடாதுன்னு போட்டிருக்கு. நாம தினமும் அதத்தான் செய்யறோம்.”

“அப்படியா போட்டிருக்கு? உனக்கு இங்கிலீஷ் எப்போ வந்துச்சு?”

“வரல சார். சுத்தி இருக்கிற வார்த்தைங்கள வெச்சுப் பார்த்தேன்.”

அவர் கோபமாகத்தான் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினீயரைக் கூப்பிட்டார். அந்தப் பெண் தாளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள். பஸ்ஸிலிருந்து நோட்டீஸ் போர்டு வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். லைன் நின்றுகொண்டே இருந்தது, யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. பிறகு புதுக் கப்பில் பத்து, மேலே ஊற்றிய கப்பில் பத்து என்று ஒட்டச் சொன்னாள். மறுநாள் இழுத்துச் சோதித்தபோது புதுக் கப் காந்தங்கள் அசையவில்லை. மற்றவற்றில் நான்கு கையோடு வந்துவிட்டன. பாதி இறுகத் தொடங்கிய பழைய பசைதான் புதியதையும் கெடுத்திருக்கிறது.

அறிக்கையில் ‘கவனக்குறைவு’ அடிக்கப்பட்டு ‘வேலைமுறைத் தவறு’ என்று மாறியது. படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் குற்றமும்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் நான் மகாராணி மாதிரி உட்கார்ந்து வந்தேன். ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது. அந்த வேலைமுறைத் தாளில் கிறுக்காமல், முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

போன மாதம் இன்னொரு புதுத் தாள் வந்தது. சூப்பர்வைசர் நேராக என் மேஜைக்கு வந்தார். பேனா சட்டைப்பையிலேயே இருந்தது.

“மூணாவது வரியில ஒரு வார்த்தை இருக்கும்மா. என்னன்னு பாரேன்.”

பார்த்தேன். எனக்கும் புதிய வார்த்தைதான்.

“எனக்கும் தெரியாது சார். உக்காருங்க, அடுத்த வரியப் படிப்போம்.”

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.