மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னால் ஒரு லட்டு

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு லட்டு சாப்பிட்டேன். முழு லட்டு. அதுவும் என் வீட்டுக்காரர் கண்ணெதிரிலேயே! எனக்கு இன்னும் அந்தப் பரபரப்பு அடங்கவில்லை.

எனக்குச் சர்க்கரை என்று இரண்டு மாதம் முன்புதான் கடலூரில் தெரிந்தது. டைப் டூ. மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. நான் எதையாவது அரைகுறையாகச் செய்கிறவளா? செல்போனில் அலாரம், காலையில் பீச்சில் நடை, விரல் நுனியில் குத்திப் பார்க்கிற மெஷின்... அளவு இறங்க இறங்க, பரீட்சையில் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி ஊரையே கூப்பிட்டுச் சொல்ல ஆசை.

ஆனால் தடை இருந்தது. போட்டவன் சிதம்பரத்திலிருக்கும் என் தம்பி. ஞாயிற்றுக்கிழமை அவன் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு வடலூர். அவர்கள் காதில் விழுந்தால், பரம்பரையிலேயே சுகர் என்று பின்வாங்கிவிடுவார்களாம். "நிச்சயம் முடியிற வரைக்கும் வாயத் தொறக்காதக்கா" என்றான். தங்கமான பையன், நல்ல இடம். என்னால் அது கெட்டால் தாங்குவேனா? சரி என்றேன்.

மண்டபத்தில் டிபன் தயார். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்காராமல் பெண் வீட்டார் இலையில் கை வைக்க முடியுமா? தம்பி போன் போட்டுக் கேட்டான். சேத்தியாத்தோப்பு தாண்டிவிட்டார்களாம், இதோ வந்துவிடுவார்களாம். என்னுடையது சாப்பிடுவதற்குச் சற்று முன்னால் போட வேண்டிய மாத்திரை. மனசுக்குள் கணக்குப் போட்டு விழுங்கினேன்.

நம் பக்கத்தில் 'இதோ வந்துட்டோம்' என்றால் என்ன அர்த்தம்? இன்னும் தலை வாரிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து இதே மாவட்டத்தில் இருப்பவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் நம்பினேன்.

ஒரு மணி நேரமாகியும் அவர்களைக் காணோம். முதலில் கை நடுங்கியது. பிறகு குப்பென்று வியர்த்துப் பட்டுப்புடவை நனைந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது, கண் இருட்டியது. சாப்பாட்டுக் கூடமோ மாடியில். பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு வைக்க வேண்டிய வரிசைத் தட்டு, அதில் கோபுரமாக லட்டு. உச்சியில் இருந்ததை எடுத்தேன்.

வீட்டுக்காரர் பாய்ந்து கையைப் பிடித்தார். இரண்டு மாதமாக என் இனிப்புக்குக் காவல் அவர்தானே? "உனக்குத்தான் ஆவாதே, என்னா பண்ற?" என்றார்.

"சுகர் ஏறலங்க... எறங்கிப்போச்சு. மாத்திரை போட்டுட்டேன்."

கத்தியே சொல்லியிருக்கிறேன். கையை விடுவித்து லட்டை வாயில் திணித்துக்கொண்டு நிமிர்ந்தால் — வாசலில் மாப்பிள்ளை வீட்டார்! தம்பி முகத்தில் ஈயாடவில்லை. போச்சு, பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா நேராக என்னிடம் வந்து உட்கார்ந்தார். பேச வேண்டாம், முதலில் விழுங்குங்கள் என்றார். தன் கைப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே மாத்திரை அட்டை, பக்கத்தில் மிட்டாய்.

"நானும் மாத்திரதான் அண்ணி. பொண்ணு வீட்டுக்குத் தெரிய வேணாம்னு இவுரு சொல்லிட்டாரு" என்றார், கணவரைப் பார்த்தபடி.

எனக்கு வந்த சந்தோஷத்தில் மிச்ச மயக்கமும் ஓடிவிட்டது! அந்த அம்மா எழுந்து, முதலில் இலை போடுங்கள், தட்டு அப்புறம் மாற்றலாம் என்று உத்தரவு போட்டார். மறுபேச்சு பேச யாருக்குத் துணிச்சல்? பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து நாங்கள் பேசிய பேச்சு இருக்கிறதே... சாப்பிட்டுவிட்டு வந்து தட்டு மாற்றினோம், ஒரு லட்டு குறைச்சலாக.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தப்பு மாத்திரையுடையது இல்லை. டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். இலையில் இட்லி விழுந்த பிறகு போடுங்கள் என்றார். என் கைப்பையிலும் இப்போது மிட்டாய் இருக்கிறது.

மூட்டுவலியை மைக் வைக்காத குறையாகச் சொல்கிறோம். சர்க்கரையை மட்டும் ஏன் ஒளிக்கிறோம்? இரண்டு வீடும் மாறி மாறி ஒளித்ததில் நடுவில் விழ இருந்தவள் நான்.

நேற்று காலை தம்பி போன் செய்தான். லேப் வாசலில் வெறும் வயிற்றோடு நிற்கிறானாம். எல்லாம் சம்பந்தியம்மாவின் வற்புறுத்தல். "யாருக்கும் சொல்லிடாதக்கா" என்றான்.

சொல்லவில்லை... எழுதத்தான் செய்திருக்கிறேன்!